மெக்கானிக்கலா கம்ப்யூட்டரா என்று கேட்கும் முன், எந்த ஊரில் வேலை?

கேள்வி: துறையூர்க்காரர், 12 மே 2024

மகள் பிளஸ் டூ முடித்துவிட்டாள். கட்-ஆஃப் 171 வருகிறது. மெக்கானிக்கல்தான் வேண்டும் என்று நிற்கிறாள். வீட்டில் யாருக்கும் சம்மதம் இல்லை. கம்ப்யூட்டர் சயின்ஸ் எடுத்தால் எந்த ஊரிலும் வேலை, மெக்கானிக்கல் எடுத்தால், அதுவும் பெண்பிள்ளைக்கு, எங்கேயும் வேலை கிடையாது என்கிறார் என் மைத்துனர். திருச்சியைச் சுற்றி இத்தனை கம்பெனி இருக்கும்போது அப்படிச் சொல்வது சரியா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

பதில், 13 மே 2024

"எங்கேயும் வேலை இல்லை" என்பது தவறு. "எந்த ஊரிலும் வேலை" என்பதும் தவறு. படிப்பை மட்டும் தனியாகப் பிடித்துக்கொண்டு வேலை உண்டா என்று கேட்டால் பதில் வராது சார். மெக்கானிக்கலுக்கு ஓசூரில் ஒரு பதில், கோவையில் ஒரு பதில், திருவாரூரில் வேறொரு பதில்.

நான் திருச்சி பக்கத்துத் துவாக்குடியில் பிறந்தவன். டிப்ளமோ மெக்கானிக்கல். அங்கேயே பன்னிரண்டு வருடம் வேலை பார்த்தேன். அப்புறம் ஓசூர். இப்போது கோவையில் ஒரு பம்ப் கம்பெனியில் தரக்கட்டுப்பாடு பார்க்கிறேன்.

ஆசைப்படுகிற பிள்ளை மெக்கானிக்கல் எடுக்கட்டும். ஆனால் திருச்சியை மட்டும் நம்பி எடுக்க வேண்டாம்.

13 மே, இரவு

திருச்சிக்காரனே திருச்சியை நம்பாதே என்று எழுதிவிட்டுத் தூக்கம் வரவில்லை. காரணத்தைச் சொல்லிவிடுகிறேன்.

1965இல் பெல் (மத்திய அரசின் பிஹெச்இஎல் நிறுவனம்) பாய்லர் ஆலை வந்த பிறகு அதைச் சுற்றி நூற்றுக்கணக்கில் பேப்ரிகேஷன் பட்டறைகள் வந்தன. துவாக்குடி எஸ்டேட்டில் காலை எட்டு மணிக்கு நின்றால் கிரைண்டிங் சத்தத்தில் பக்கத்தில் இருப்பவர் பேசுவது கேட்காது. அந்தப் பட்டறைகள் நடந்த விதம் இதுதான்: இரும்பு பெல் தரும், வரைபடமும் பெல் தரும். வெட்டி, வளைத்து, பற்றவைத்துக் கொடுத்தால் டன்னுக்கு இவ்வளவு என்று கூலி. பட்டறைக்காரர் வேறு வாடிக்கையாளரைத் தேடவே வேண்டியதில்லை. தேடவும் இல்லை.

நான் 2004இல் சேர்ந்தபோது இரண்டு ஷிப்ட். 2008, 2009 வாக்கில் மூன்று ஷிப்டும் போதவில்லை. அனல் மின் நிலையங்களுக்கு ஆர்டர் கொட்டிய காலம் அது. அப்போது எங்கள் தெருவில் எந்தப் பையனைக் கேட்டாலும் மெக்கானிக்கல்தான். 2012க்குப் பிறகு புது அனல் மின் நிலையங்களுக்கான ஆர்டர் வற்ற ஆரம்பித்தது. பெல்லுக்கே வேலை குறைந்தபோது பட்டறைக்கு என்ன வரும்? ஒவ்வொன்றாக ஷட்டர் இறங்கியது. நான் இருந்த பட்டறை 2016இல் மூடியது. மூன்று மாதச் சம்பளம் பாக்கி, இன்றுவரை வரவில்லை.

எங்களுக்கு வேலை தெரியாமல் போகவில்லை, படிப்பும் கெட்டுப்போகவில்லை. ஊர் முழுக்க ஒரே கேட்டைப் பார்த்து நின்றிருந்தோம், அவ்வளவுதான்.

15 மே

முந்தைய குறிப்பில் ஒன்றை விட்டுவிட்டேன். விட்டதுதான் முக்கியம் என்று இப்போது படுகிறது.

பட்டறை மூடியபோது நடுத்தெருவில் நின்றது என்னைப் போன்ற சூப்பர்வைசர்கள்தான். எங்களிடம் வேலை பார்த்த வெல்டர்களில் நல்ல கைக்காரர்கள் ஆறே மாதத்தில் வெளிநாடு போய்விட்டார்கள். குவைத், கத்தார், சிங்கப்பூர். அவர்களில் பலர் பத்தாவதும் ஐடிஐயும்தான்.

குழாய் வெல்டர்களுக்கு 6ஜி டெஸ்ட் என்று ஒன்று உண்டு. குழாயை 45 டிகிரி சாய்த்து அசையாமல் பிடித்து வைத்துவிடுவார்கள். வெல்டர்தான் அதைச் சுற்றி வர வேண்டும். கீழ்ப்பக்கம் பற்றவைக்கும்போது மல்லாந்து பார்க்க வேண்டும், பக்கவாட்டில் வரும்போது முழங்கை ஆடக்கூடாது. முதல் சுற்று ஆர்கான் வாயு வெல்டிங்கில். ரூட், அதாவது அடி வெல்டு, உள்பக்கமாகச் சரியாக இறங்கியிருக்கிறதா என்று கண்ணால் பார்க்க முடியாது, எக்ஸ்ரே எடுத்தால்தான் தெரியும். என்னோடு இருந்த லால்குடி அண்ணன் ஒருவர் டெஸ்டுக்கு முந்தைய நாள் டீகூடக் குடிக்க மாட்டார், கை நடுங்கும் என்று. அவருடைய பிலிமை வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தால் ஒரு புள்ளி இருக்காது. அந்தக் கைக்கு எந்த ஊரிலும் சோறு உண்டு.

என் டிப்ளமோவில் இருந்தது பெல் வரைபடத்தைப் படிப்பதும் பெல் இன்ஸ்பெக்டருக்குப் பதில் சொல்வதும். ஊரைத் தாண்டி அதற்கு மதிப்பு இல்லை. மறுபடி உட்கார்ந்து பொருளை உடைக்காமல் குறை கண்டுபிடிக்கும் சோதனை முறைகளில், அல்ட்ராசோனிக், டை பெனட்ரன்ட் இரண்டிலும், லெவல் 2 சான்றிதழ் முடித்த பிறகுதான் ஓசூரில் கதவு திறந்தது.

அதனால் முதலில் சொன்னதைக் கொஞ்சம் திருத்துகிறேன். ஊரைப் பாருங்கள். அந்த ஊரில் கற்பது ஊர் மாறினாலும் கூட வருமா என்பதையும் பாருங்கள்.

19 மே

ஓசூரைப் பற்றிக் கேட்டவருக்கு.

டிவிஎஸ் மோட்டார், அசோக் லேலண்ட், டைட்டன், இவற்றுக்குப் பாகம் செய்து கொடுக்கும் சின்னதும் பெரியதுமான கம்பெனிகள். சிப்காட் தொழிற்பேட்டையில் ஒரு கேட்டில் வெள்ளிக்கிழமை நிறுத்தினால் திங்கட்கிழமை வேறொரு கேட்டில் நிற்கலாம். ரூம் மாற்ற வேண்டியதில்லை, மெஸ் மாற்ற வேண்டியதில்லை. திருச்சியில் எங்களுக்கு இல்லாதது இதுதான். பிள்ளையைச் சேர்ப்பதற்கு முன்னால் அந்தப் படிப்புக்கு அந்த வட்டாரத்தில் எத்தனை கேட் என்று எண்ணிப் பாருங்கள். கல்லூரிக்காரர்கள் காட்டும் பிளேஸ்மென்ட் பேனரை விட இது பயன்படும்.

கையில் நிற்கும் காசையும் சொல்ல வேண்டும். 2016இல் எனக்குச் சம்பளம் 16,000. ரூமுக்கு என் பங்கு 2,500, மெஸ் 3,500, ஊருக்கு அனுப்பியது 7,000. ஒரே அறையில் ஆறு பேர், பாய் நாலு. ஏ ஷிப்ட்காரர் எழுந்த பாயில் சி ஷிப்ட்காரர் படுப்பார். பாய் சூடு ஆறியிருக்காது. துவாக்குடியில் 11,000 வாங்கிக்கொண்டு அம்மா கையால் சாப்பிட்டபோது இதைவிட அதிகம் மிச்சம் பிடித்தேன். ஊர்விட்டு ஊர் போகும் பிள்ளைக்கு முதல் ஆறு மாதம் வீட்டிலிருந்து காசு போக வேண்டியிருக்கும். அந்த ஆறு மாதம் தாங்க முடியாத வீட்டுப் பிள்ளைகள்தான் பட்டத்தை வைத்துக்கொண்டு உள்ளூர் செல்போன் கடையில் நிற்கிறார்கள். அவர்களைப் பார்த்து "படிப்புக்கு வேலை இல்லை" என்று ஊர் பேசுகிறது. அந்த வேலைக்குப் போய்ச் சேரத்தான் வழி இல்லை.

19 மே, கொஞ்ச நேரம் கழித்து

ஓசூரை ரொம்பப் புகழ்ந்துவிட்டேனோ. கேட் நிறைய, சரி. ஆனால் எல்லாக் கேட்டுக்குள்ளும் ஓடுவது வண்டி சம்பந்தப்பட்ட வேலை. 2019இல் வாகன விற்பனை விழுந்தபோது ஓசூரிலும் எண்ணூரிலும் லாரி ஆலைகளே வேலையில்லா நாட்கள் அறிவித்தன. அந்த வருடம் நாங்கள் வாரத்துக்கு மூன்று நாள்தான் உள்ளே போனோம். மறைமலை நகரில் போர்டு 2021இல் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்ததும், ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா 2014இல் மூடியதும் எல்லாருக்கும் நினைவிருக்கும்.

நான் கோவைக்கு வந்தது இதனால்தான். இங்கே பம்பு வாங்குபவர் விவசாயி, வால்வு வாங்குவது ரசாயன ஆலை, ஸ்பின்னிங் இயந்திரம் வாங்குவது மில், வெட் கிரைண்டர் வாங்குவது வீடு. எல்லாரும் ஒரே வருடத்தில் வாங்காமல் இருக்க மாட்டார்கள். மில் வேலை படுத்தபோது எங்கள் பவுண்டரி பம்பு உறை வார்த்துத் தாக்குப்பிடித்தது.

26 மே

மன்னார்குடியிலிருந்து ஒரு தம்பி, சிவில் எடுக்கலாமா, உள்ளூரில் வேலை கிடைக்குமா என்று கேட்டிருக்கிறார். உள்ளூரில் வீடு கட்டும் வேலை கிடைக்கும், பெரிய வேலை கிடைக்காது தம்பி. 2020இல் டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக அறிவித்தார்கள், தஞ்சாவூர், திருவாரூர், நாகை, திருச்சி, கரூர் எல்லாம் சேர்த்து. நிலத்துக்கு அது நல்லது, நானும் அதை ஆதரிப்பவன். ஆனால் அங்கே பெரிய ஆலையை எதிர்பார்த்து யாரும் படிக்க முடியாது.

சிவில்காரர் வேலை வேலையாக ஊர் மாறிக்கொண்டே இருக்க வேண்டும். இப்போது சென்னை மெட்ரோ இரண்டாம் கட்டம், 118.9 கிலோமீட்டர், மூன்று வழித்தடம். முடியும் வரை அங்கே. அப்புறம் எங்கே பாலமோ அங்கே. அதற்கு மனசு இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

27 மே

நேற்று வேளாண் மண்டலம் பற்றி எழுதியதில் தவறு. திருச்சி, கரூர், அரியலூர் மூன்றும் அந்த ஆண்டு பிப்ரவரியில் வந்த அறிவிப்பில் இருந்தன, பின்பு வந்த சட்டத்தில் இல்லை. சட்டத்தில் தஞ்சாவூர், திருவாரூர், நாகை மாவட்டங்களும் கடலூர், புதுக்கோட்டையில் சில வட்டாரங்களும்தான். சுட்டிக்காட்டியவருக்கு நன்றி.

10 ஜூன்

நேற்று குரூப் 4 தேர்வு. என் அக்கா மகனை கொண்டுபோய் விட்டேன். பள்ளி வாசலில் நிற்க இடமில்லை. 6,244 பணியிடத்துக்கு 20 லட்சத்துக்கும் மேல் விண்ணப்பம். கேட்கும் தகுதி பத்தாம் வகுப்பு. என் பக்கத்தில் நின்ற மூன்று பேரும் பி.இ. அவர்களில் ஒருவர் எலக்ட்ரிகல், 2019 பாஸ் அவுட், ஊர் அரியலூர் பக்கம். ஸ்ரீபெரும்புதூரில் காண்ட்ராக்டில் எட்டு மாதம் இருந்தாராம். அப்பாவுக்கு உடம்பு முடியாமல் ஊருக்குத் திரும்பியவர் மறுபடி போக முடியவில்லை. "ஊர்லயே இருக்கிற மாதிரி ஒரு வேலை வேணும்ணே, அதுக்கு இது ஒண்ணுதான் இருக்கு" என்றார்.

எனக்கு அதற்கு மேல் பேச வரவில்லை. உயர்கல்வியில் சேரும் விகிதம் 2021-22 கணக்கில் தேசத்துக்கு 28.4 சதவீதம், தமிழ்நாட்டுக்கு 47 சதவீதம். இது சாதாரண சாதனை இல்லை. என் தலைமுறைக்குக் கிடைக்காதது இந்தப் பிள்ளைகளுக்குக் கிடைத்திருக்கிறது. ஆனால் கல்லூரி தாலுகாவுக்கு நாலு வந்துவிட்டது, தொழிற்சாலை அப்படி வரவில்லை. ஸ்ரீபெரும்புதூர், ஓசூர், கோவை, திருப்பூர் என்று சில இடங்களிலேயே குவிந்து கிடக்கிறது. நடுவில் இருக்கும் பெரம்பலூர், அரியலூர், புதுக்கோட்டைப் பிள்ளைகள் பட்டத்தை உள்ளூரில் வாங்கிக்கொண்டு வேலையை முந்நூறு கிலோமீட்டர் தள்ளித் தேட வேண்டியிருக்கிறது.

பெரம்பலூர் மாவட்டம் எறையூரில் காலணி ஆலை போன வருடம் திறந்தது. அந்த மாதிரி இன்னும் நாலு வந்தால் பேச்சு மாறும்.

16 ஜூன்

கம்ப்யூட்டர் சயின்ஸ் பற்றி ஏன் எழுதவில்லை என்று இரண்டு பேர் கேட்டுவிட்டார்கள். எனக்கு நேரடி அனுபவம் இல்லாத துறை, அதனால்தான். தெரிந்ததைச் சொல்கிறேன்.

2023-24இல் டிசிஎஸ், இன்போசிஸ், விப்ரோ மூன்றிலும் சேர்த்து ஊழியர் எண்ணிக்கை 63,000க்கும் மேல் குறைந்தது. அவர்களே வெளியிட்ட கணக்கு. எங்கள் பக்கத்து வீட்டுப் பையன் கையில் ஆபர் லெட்டரோடு பதினொரு மாதம் காத்திருந்தான். "எந்த ஊரிலும் வேலை" என்றால் அந்த ஊர்கள் சென்னை, பெங்களூரு, கோவை என்று விரல்விட்டு எண்ணிவிடலாம். விலக்கும் உண்டு: தென்காசி மத்தளம்பாறையில் மென்பொருள் கம்பெனி ஜோஹோ 2011 முதல் அலுவலகம் நடத்துகிறது. விழுப்புரத்தில் மினி டைடல் ஐடி பூங்கா இந்தப் பிப்ரவரியில் திறந்திருக்கிறார்கள். நல்லதுதான். ஆனால் துறையூர்ப் பிள்ளை கம்ப்யூட்டர் சயின்ஸ் எடுத்தாலும் ஊரைவிட்டுத்தான் போக வேண்டும்.

ஆசையில்லாமல் அதை எடுத்து, நாலு வருடம் அரியரோடு போராடி, கடைசியில் மார்க்கெட்டிங் வேலைக்குப் போன பிள்ளைகளை நான் நேரில் பார்த்திருக்கிறேன். ஆசையோடு எடுப்பவர்கள் தாராளமாக எடுக்கட்டும்.

17 ஜூன்

ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை பக்கம் இருப்பவர்கள் லெதர் டெக்னாலஜி பற்றிக் கேளுங்கள். சீட்டு கொஞ்சம், கம்பெனி பக்கத்திலேயே. திருப்பூர்க்காரர்களுக்கு டெக்ஸ்டைல் அப்படித்தான். சொந்த மண்ணில் விளையும் தொழிலுக்கான படிப்பை அந்த ஊர்ப் பிள்ளைகளே ஒதுக்கிவிட்டு வேறெங்கோ பார்ப்பது எனக்கு வருத்தம். நாற்றம், சாயம் என்று சொல்லி வீட்டில் தடுக்கிறார்கள். தோல் பதனிடுவதில் எவ்வளவு வேதியியல் இருக்கிறது என்று யாரும் அந்தப் பிள்ளைகளுக்குச் சொல்வதில்லை.

23 ஜூன்

துறையூர்க்காரர் தனியாக ஒரு கேள்வி அனுப்பினார்: "எல்லாம் சரி, பெண்பிள்ளை ஷாப் ப்ளோரில், இயந்திரம் ஓடும் இடத்தில், நிற்க முடியுமா?"

நிற்கிறார்கள் சார். முன்பு இரவு 7 மணி முதல் காலை 6 மணி வரை பெண்களை ஆலையில் வேலைக்கு வைக்கக்கூடாது என்று 1948 தொழிற்சாலைச் சட்டம் தடுத்தது. சென்னை உயர் நீதிமன்றம் அந்தப் பிரிவை 2000ஆம் ஆண்டே செல்லாது என்றது. போச்சம்பள்ளியில் ஓலா ஸ்கூட்டர் ஆலை முழுக்கப் பெண்களை வைத்தே நடத்தப்போவதாக 2021இல் அறிவித்தார்கள். ஸ்ரீபெரும்புதூர், ஓசூர் மின்னணு ஆலைகளில் லைனில் நிற்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள்தான். தமிழ்நாட்டின் மின்னணு ஏற்றுமதி 2022-23இல் 5.37 பில்லியன் டாலர், 2023-24இல் 9.56. அந்தக் கைகளில் பாதிக்கு மேல் வளையல் போட்ட கைகள்.

ஆனால் லைனில் நிற்பது வேறு, இன்ஜினியராக நிற்பது வேறு. எங்கள் கம்பெனியில் இருநூறு பேரில் இன்ஜினியர் பெண்கள் மூன்று பேர். மூவரும் தரக்கட்டுப்பாட்டில் இருக்கிறார்கள், உற்பத்தியில் ஒருவரும் இல்லை. அவர்கள் கேட்ட பிறகுதான் பவுண்டரி பக்கம் பெண்களுக்குக் கழிப்பறை கட்டினோம். அதுவரை நானூறு அடி தள்ளி அலுவலகக் கட்டடத்துக்குப் போய் வந்திருக்கிறார்கள். ஒருவரும் என்னிடம் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும். மகள் இன்டர்வியூவுக்குப் போகும்போது சம்பளத்துக்கு முன்னால் மூன்று கேள்வி கேட்கச் சொல்லுங்கள்: கழிப்பறை எங்கே, கம்பெனி பஸ் எந்த வழி, இரவு ஷிப்ட் முடிந்தால் வீட்டு வாசல் வரை வண்டி வருமா.

30 ஜூன்

நேற்று புதிதாகப் படிப்பு முடித்தவர்களுக்கு இன்டர்வியூ. பதினான்கு பேர். நான் சான்றிதழை முதலில் பார்ப்பதில்லை. மேசையில் ஒரு இம்பெல்லர் (பம்புக்குள் சுழலும் சக்கரம்), அளப்பதற்கு ஒரு வெர்னியர், ஒரு வரைபடம். வெளிவிட்டத்தை அளந்து சொல்லுங்கள், வரைபடத்தில் கொடுத்த அளவுக்குள் இருக்கிறதா பாருங்கள், அவ்வளவுதான்.

ஒன்பது பேர் வெர்னியரைத் தவறாகப் பிடித்தார்கள். அவர்கள் முட்டாள்கள் இல்லை. ஒரு பையன் எண்பது சதவீதம் வாங்கியிருக்கிறான். கல்லூரியில் அறுபது பேருக்கு இரண்டு வெர்னியர், ரெக்கார்ட் நோட்டை சீனியரிடம் வாங்கி எழுதினோம் என்று உண்மையைச் சொன்னான். சுற்றிலும் ஐம்பது கிலோமீட்டருக்குப் பட்டறையே இல்லாத ஊர்.

திண்டுக்கல்லிலிருந்து வந்த பெண், பாலிடெக்னிக், 62 சதவீதம். வெர்னியரை எடுத்ததும் முதலில் தாடையை மூடி ஜீரோ சரியாக நிற்கிறதா என்று பார்த்தாள். துப்பட்டா நுனியால் தாடையைத் துடைத்தாள். மூன்று இடத்தில் அளந்தாள், ஏனென்றால் வார்ப்பு முழு வட்டமாக இருக்காது. 0.02 மில்லிமீட்டர் வரைக்கும் வாசித்துச் சொன்னாள். அப்பா லேத் வைத்திருக்கிறாரா என்று கேட்டேன். "இல்ல சார், எதிர்வீட்டு மாமா. லீவுல அங்கதான் இருப்பேன்" என்றாள். அவளைத்தான் எடுத்தோம்.

எண்பது சதவீதப் பையனை அப்ரெண்டிஸாக ஒரு வருடம் வைத்துக்கொள்ளலாம் என்று நிர்வாகத்திடம் கேட்டிருக்கிறேன். அவனுக்கு எதிர்வீட்டு மாமா அமையவில்லை, அது ஒரு குற்றமா?

துறையூர்க்காரருக்கு: கவுன்சிலிங்குக்கு முன்னால் மகளை ஒருநாள் இங்கே கூட்டி வாருங்கள். இரும்புத் தூசியையும் சத்தத்தையும் பார்த்த பிறகு அவளே முடிவு செய்யட்டும்.

14 ஜூலை

வந்தார்கள், அப்பா, மகள், அந்த மைத்துனரும். மைத்துனர் வாசலிலேயே மூக்கைப் பொத்திக்கொண்டார். பிள்ளை வார்ப்பு ஊற்றும் இடத்தைவிட்டு நகரவில்லை. மணல் அச்சு உடைத்து உறையை வெளியே எடுக்கும்போது, இந்த மணலைத் திரும்பவும் பயன்படுத்துவீர்களா என்று கேட்டாள். எங்கள் பவுண்டரி மேஸ்திரி அரைமணி நேரம் அவளுக்கு மணலைப் பற்றியே பேசினார். முப்பது வருடத்தில் அவரிடம் யாரும் இதைக் கேட்டதில்லையாம்.

18 ஆகஸ்ட்

துறையூர்க்காரர் மகளுக்கு மெக்கானிக்கல் கிடைத்துவிட்டது, கோவையில், ஒரு சுயநிதிக் கல்லூரி. திருச்சியில் இதைவிடப் பெயர் பெற்ற கல்லூரியிலும் இடம் வந்திருக்கும் போலிருக்கிறது. அவள்தான் கோவையை முதலில் போட்டாளாம். சனிக்கிழமைகளில் வந்து மணல் சோதனை பார்க்கட்டும் என்று மேஸ்திரி சொல்லியிருக்கிறார்.

29 செப்டம்பர்

தஞ்சாவூரிலும் சேலத்திலும் மினி டைடல் இந்த மாதம் திறந்திருக்கிறது. மன்னார்குடித் தம்பி, நீங்கள் என்ன எடுத்தீர்கள் என்று எழுதவே இல்லையே.

எண்பது சதவீதப் பையன் சேர்ந்து இரண்டு மாதம் ஆகிறது. நேற்று ஒரு லாட்டில் பதினேழு ஷாப்ட் அளவு தப்பு என்று நிறுத்தினான். நான் திரும்ப அளந்தேன். பதினேழும் தப்புதான்.